கைவலியைச் சொல்லும்போது கைவேலையையும் சொல்லுங்கள்
வாசகர் கேள்வி பதில்: தொழிலும் உடல்நலமும்

மண்டபம் முதல் தொண்டி வரை, கீழக்கரை முதல் சாயல்குடி வரை வந்த கடிதங்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: "மாத்திரை போட்டால் கேட்கிறது, விட்டால் திரும்ப வந்துவிடுகிறது." நோயை உண்டாக்கும் வேலை அப்படியே தொடர்ந்தால் வேறெப்படி இருக்கும்? மருத்துவர் முன் உட்கார்ந்ததும் வலியை மட்டும் சொல்லாதீர்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எந்தக் கை, தண்ணீரிலா வெயிலிலா என்பதையும் சொல்லுங்கள். பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: நண்டு கம்பெனியில் சதை எடுக்கும் வேலை, ஒன்பது வருடமாக. இரவு இரண்டு மணிவாக்கில் வலது கை மரத்துப்போய், எரிச்சலில் விழிப்பு வந்துவிடுகிறது. கையை உதறினால் சரியாகிறது. நரம்பு ஊசி பத்து போட்டும் குணமில்லை. இப்போது டம்ளர் கைநழுவி விழுகிறது.
(வாசகி, மண்டபம்)

பதில்: தூக்கத்தில் மரத்துப்போவது, உதறினால் தெளிவது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதைத்தான். 'கார்பல் டனல்' என்று மருத்துவர்கள் சொல்வது இதையே. மணிக்கட்டின் உள்பக்கம் எலும்பாலும் தடித்த நாராலும் ஆன ஒரு குறுகிய வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்ளேதான் போகின்றன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கத்தியை இறுக்கிப் பிடித்தபடி, மணிக்கட்டை மடக்கி, ஓட்டுக்குள்ளிருந்து சதையை நாள் முழுக்க நெம்பி எடுக்கும்போது தசைநாண்களின் உறை வீங்குகிறது. வழி அகலாது. நசுங்குவது நரம்பு.

எந்த விரல்கள் மரக்கின்றன என்று கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் இந்த நரம்புதான். சுண்டுவிரலும் சேர்ந்து மரத்தாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ கழுத்து எலும்பையும் முழங்கையையும் பார்க்க வேண்டும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு புறங்கைகளும் ஒட்டும்படி மணிக்கட்டுகளை மடக்கி, விரல்கள் கீழ்நோக்க 60 விநாடி வைத்திருங்கள். அதற்குள் அந்த விரல்களில் சுருசுருப்பு வந்தால் சந்தேகம் வலுக்கிறது.

நரம்பு ஊசி என்று போடப்படுவது பெரும்பாலும் பி12 வைட்டமின். இரத்தத்தில் பி12 குறைவாக இருந்தால் அது தேவை. நெரிபடும் நரம்பை அது விடுவிக்காது. பத்து ஊசிக்குச் செலவான பணத்தில் ஒரு மணிக்கட்டுப் பட்டை வாங்கியிருக்கலாம்.

சிகிச்சையும் அந்தப் பட்டையில்தான் தொடங்குகிறது. தகடு வைத்த பட்டையை ஒவ்வொரு இரவும் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும், குறைந்தது ஆறு வாரம். இங்கே ஒரு தவறு நடக்கிறது. கடையில் கிடைக்கும் பல பட்டைகளில் உள்ளே இருக்கும் உலோகத் தகடு கையைப் பின்னோக்கி 20, 30 டிகிரி வளைத்து வைக்கும்படி வருகிறது. அப்படி வளைந்தாலும் வழிக்குள் அழுத்தம் கூடத்தான் செய்யும். தகட்டை உருவி எடுத்து, மேசை விளிம்பில் வைத்து நிமிர்த்தி, மணிக்கட்டு நேராக நிற்கும்படி திரும்பச் செருகுங்கள். மரத்தல் கூடும் அளவுக்கு இறுக்கிக் கட்டக் கூடாது. பட்டைக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும்.

கூடவே தசைநாண் பயிற்சி. விரல்களை நேராக நீட்டுங்கள். பிறகு கொக்கிபோல் விரல் நுனிகளை மட்டும் மடக்குங்கள். பிறகு முழு முஷ்டி. பிறகு விரல்களை அடிக்கணுவில் மட்டும் மடக்கி மேசைபோல் வையுங்கள். கடைசியாக விரல் நுனி உள்ளங்கையின் அடியைத் தொடும் தட்டை முஷ்டி. ஒவ்வொன்றிலும் ஐந்து விநாடி. இது ஒரு சுற்று. ஒரு தடவைக்கு ஐந்து சுற்று, நாளுக்கு மூன்று தடவை. மரத்தல் அதிகமானால் வேகத்தையும் எண்ணிக்கையையும் குறையுங்கள்.

இனி கத்திக்கு வருவோம். பென்சில்போல் ஒல்லியான பிடிதான் விரலுக்கு அதிக வேலை வைக்கிறது. பிடியின் மேல் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் பருமனாக்குங்கள். உணவுத் தொழிற்சாலையில் அதை அனுமதிக்கவில்லை என்றால் கழுவக்கூடிய ரப்பர் உறை கேளுங்கள். மழுங்கிய கத்திக்கு இரட்டிப்பு அழுத்தம் தேவைப்படும். வேலை தொடங்குமுன் கூர் பாருங்கள். மேசை முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் மணிக்கட்டு மடங்காது. மேசை உயரமாக இருந்தால் காலுக்கடியில் பலகை போடுங்கள். பனிக்கட்டிக் கூடைக்குள் கைவிடும் வேலையும் சதை எடுக்கும் வேலையும் ஒருவர் மேலேயே விழாமல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது பெரிய உதவி. குளிர்ந்த விரலில் உணர்வு குறையும். உணர்வு குறைந்தால் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிப்போம்.

சர்க்கரை, தைராய்டு இரண்டையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். தைராய்டு குறைவும் சர்க்கரையும் இந்த நெரிசலைக் கூட்டும். கர்ப்ப காலத்திலும் வரும். அது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் அடங்கிவிடும்.

உங்கள் கடிதத்தில் எங்களைக் கவலைப்படுத்துவது டம்ளர் விழுவதுதான். கண்ணாடி முன் இரண்டு உள்ளங்கைகளையும் காட்டி, கட்டைவிரலடியில் இருக்கும் சதைமேட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். வலது பக்கம் தட்டையாகியிருந்தால் நரம்பு தசையை இழக்கத் தொடங்கிவிட்டது. அப்போது பட்டையோடு காத்திருக்கக் கூடாது. நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்து, அறுவை சிகிச்சை பற்றி எலும்பு மருத்துவரிடம் பேசுங்கள். கையை மட்டும் மரக்கச் செய்து அந்த நாரை வெட்டிவிடும் சிறிய அறுவைதான். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். இறுக்கிப் பிடிக்கும் வேலைக்குத் திரும்ப ஆறு வாரமாவது ஆகும். சதைமேடு நன்றாக இருந்து, பட்டையும் கேட்கவில்லை என்றால் மணிக்கட்டில் ஒரு ஸ்டீராய்டு ஊசி சில வாரமோ சில மாதமோ நிம்மதி தரும். அந்த இடைவெளியில் கத்தியையும் மேசையையும் சரிசெய்யாவிட்டால் வலி திரும்ப வரும்.

கேள்வி: அதே வேலைதான், நண்டு வேகவைக்கும் பக்கம். மாலையில் இருமலும் இளைப்பும். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருக்கிறேன். இது தூசி அலர்ஜியா?
(வாசகி, பாம்பன்)

பதில்: லீவு நாளில் நன்றாக இருக்கிறது என்று எழுதினீர்களே, மருத்துவரிடமும் அதையே முதலில் சொல்லுங்கள். நண்டு வேகும் ஆவியோடு அதன் புரதமும் நுண்துளியாகக் காற்றில் ஏறுகிறது. மூச்சோடு அது உள்ளே போய் ஒவ்வாமையைக் கிளப்பினால் தொழில்வழி ஆஸ்துமா வரும். வீட்டில் நண்டுக்குழம்பு சாப்பிட்டு எதுவும் ஆகாதவர்களுக்கும் இது வரலாம்.

உறுதி செய்ய 'பீக் ஃப்ளோ மீட்டர்' என்ற சின்னக் குழாய்க் கருவி போதும். நின்றுகொண்டு, மூச்சை முழுக்க இழுத்து, ஒரே வீச்சில் ஊதி அளவைக் குறியுங்கள். மூன்று முறை ஊதி அதிகமானதை எழுத வேண்டும். நாளுக்கு நான்கு வேளை, லீவு நாட்களும் சேர்த்து குறைந்தது இரண்டு வாரம். வேலை நாளில் அளவு இறங்கி லீவில் ஏறினால் அந்தக் காகிதமே சாட்சி.

இன்ஹேலர் எடுத்துக்கொண்டே அதே அடுப்பருகில் நிற்பது தீர்வாகாது. ஆவி படுவது தொடரத் தொடர, வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா தங்கிவிடும் அபாயம் கூடும். அடுப்பின்மேல் புகைபோக்கி விசிறி வைக்கவும், உங்களை எடைபோடும் பிரிவுக்கோ பேக்கிங் பிரிவுக்கோ மாற்றவும் மருத்துவரின் சீட்டோடு கேளுங்கள். முகத்தில் கட்டும் துணி இந்த நுண்துளியை நிறுத்தாது.

கேள்வி: தம்பி சங்கு குளிக்கப் போகிறான். கம்ப்ரசரில் காற்றுக்குழாய் போட்டு எட்டுப் பாகம், பத்துப் பாகம் இறங்குவான். மேலே வந்த பிறகு தோளிலும் முழங்கையிலும் குடைச்சல். எண்ணெய் தேய்த்தும் போகவில்லை. மறுபடி தண்ணிக்குள் இறங்கினால் வலி போய்விடும் என்று கூட வருபவர்கள் சொல்கிறார்கள். அப்படியே செய்தான், போகவும் செய்தது. சரிதானா?
(வாசகர், கீழக்கரை)

பதில்: வலி போனது உண்மையாக இருக்கும். அதனால்தான் இந்தப் பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் இது ஆளை முடக்கிப்போடும் பழக்கம். தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

பத்துப் பாகம் என்பது ஏறத்தாழ 18 மீட்டர். அங்கே உடலை அழுத்தும் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் 2.8 மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக ஏறினால் அது நுரையீரல் வழியே வெளியேறிவிடும். விறுவிறுவென்று ஏறினால் சோடா மூடியைத் திறந்ததுபோல் உடலுக்குள்ளேயே குமிழியாகிறது. தோளில் தங்கினால் குடைச்சல். தோலில் வந்தால் அரிப்பும் திட்டுத்திட்டான நிறமும். முதுகுத் தண்டில் தங்கினால் கால் மரத்து, சிறுநீர் வராமல், நடை போய்விடும். அறிகுறிகள் பெரும்பாலும் மேலே வந்த சில மணி நேரத்துக்குள் தொடங்கும். ஒரு நாள் கழித்துத் தொடங்குவது அரிது.

திரும்ப இறங்கும்போது குமிழி அழுந்திச் சுருங்குவதால் வலி மறைகிறது. ஆனால் அதே நேரம் கூடுதலாக நைட்ரஜன் ஏறுகிறது. மேலே வரும்போது முன்பைவிடப் பெரிய சுமையோடு வருகிறான். நடுவில் கால் மரத்தால் அடியிலேயே மாட்டிக்கொள்வான்.

வலி வந்த அன்று செய்ய வேண்டியது இதுதான். அன்றைக்குக் குளிப்பதை நிறுத்திவிட்டுப் படகில் மல்லாந்து படுக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால் பை வைத்த முகமூடியில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓட விட்டு, மருத்துவமனை சேரும்வரை எடுக்கக் கூடாது. வலி குறைந்துவிட்டது என்று பாதியில் கழற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் குடிக்கலாம். சாராயம் கூடவே கூடாது. எண்ணெய் தேய்ப்பதாலும் வெந்நீர் ஒற்றடத்தாலும் குமிழி கரையாது. ஒரு சீட்டில் நான்கு விவரம் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்: எத்தனை பாகம், எவ்வளவு நேரம் அடியில், அன்று எத்தனை முறை இறங்கினான், மேலே வர எவ்வளவு நேரம் எடுத்தான். மருத்துவமனையில் "தோள்வலி" என்று மட்டும் சொன்னால் வலிமாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "கம்ப்ரசரில் முங்கியபின் வந்த வலி" என்று சொல்லுங்கள்.

இதற்கான சிகிச்சை உயர் அழுத்த அறை. பரவலாகப் பின்பற்றப்படும் முறையில் அறைக்குள் அழுத்தத்தை 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமாக, உங்கள் தம்பி இறங்கும் அதே பத்துப் பாகத்துக்கு, ஏற்றித் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்து, ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் படிப்படியாக இறக்குவார்கள். கடலில் திரும்ப இறங்குவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடே அந்த ஆக்சிஜன்தான். அறைக்குள் நைட்ரஜன் ஏறுவதில்லை, வெளியேறுகிறது.

தோள்வலி மாதக்கணக்கில் நின்று, கையைச் சுழற்றும்போது மூட்டுக்குள் பிடிப்பதுபோல் இருந்தால் தோள் எலும்பின் பந்துமுனை இரத்தமின்றி நலிகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். பல வருடம் அழுத்தக் காற்றில் வேலை செய்பவர்களுக்கு இது வரும். எக்ஸ்ரேயில் தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

ஏறும் வேகம் நிமிடத்துக்கு ஐந்து பாகத்தைத் தாண்டக் கூடாது. பத்துப் பாகத்திலிருந்து என்றால் ஏறுவதற்கு மட்டும் இரண்டு நிமிடம். மேற்பரப்புக்கு மூன்று பாகம் இருக்கும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று முதல் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். அந்தக் கயிற்றில் பாகத்துக்கு ஒரு முடிச்சு போட்டு வைத்தால் கணக்கு தப்பாது. ஆழமான முங்குதல் முதலில், ஆழம் குறைந்தது பிறகு. 18 மீட்டரில் ஒரு நாளில் முதல் முறை இறங்குபவர், வழியில் நின்று நின்று ஏறாமல் நேரே மேலே வர, அமெரிக்கக் கடற்படை அட்டவணை அனுமதிப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். இரண்டாம், மூன்றாம் முறைக்கு அது மளமளவென்று குறையும். காலை முதல் மதியம்வரை முங்குபவர்கள் எந்த அட்டவணைக்குள்ளும் அடங்குவதில்லை. எங்களுக்கு உண்மையான பயம் அதில்தான்.

கம்ப்ரசரையும் பாருங்கள். காற்று உறிஞ்சும் வாய், எஞ்சின் புகை வரும் பக்கத்திலா இருக்கிறது? காற்று திரும்பியதும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு குழாய்க்குள் போகும். அதற்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், பிறகு அடியிலேயே மயக்கம். உறிஞ்சும் வாயை ஒரு குழாய் வைத்து நீட்டி, உயரத்தில், காற்று வரும் திசைக்குக் கட்டுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் மூச்சுக்கான கருவியல்ல. அதன் எண்ணெய் ஆவியும் நுரையீரலுக்குத்தான் போகிறது.

கேள்வி: மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போகிறோம். பாறையும் பவளமும் கிழித்த விரல் ஆறுவதே இல்லை. காதுவலியும் இருக்கிறது.
(வாசகிகள், சின்னப்பாலம்)

பதில்: விரலில் சுற்றும் துணி கீறலைத் தடுக்கிறது. ஆனால் ஐந்து, ஆறு மணி நேரம் ஈரத்திலேயே இருப்பதால் தோல் ஊறி வெளுத்து, சின்னக் கீறலும் வாய்பிளக்கிறது. இரண்டு செட் துணி வைத்துக்கொண்டு, படகில் ஏறும் ஒவ்வொரு முறையும் அவிழ்த்துக் கையை உலரவிடுங்கள். கரை வந்ததும் குடிதண்ணீரை ஓடவிட்டு ஐந்து நிமிடம் சோப்பால் கழுவ வேண்டும். பவளத் துணுக்கு உள்ளே இருந்தால் காயம் ஆறவே ஆறாது. மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். டி.டி. ஊசி போட்ட தேதியை எழுதி வையுங்கள்.

இரண்டு வகைக் காயத்தை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஒன்று, ஒரே நாளில் சிவப்பு பரவி, காயத்தின் அளவுக்குச் சம்பந்தமில்லாத கடும் வலியோடு காய்ச்சலும், கருநீலக் கொப்புளமும் வருவது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ என்ற கிருமி இப்படித் தாக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் இது உயிராபத்து, அன்றே மருத்துவமனை. மற்றொன்று இதற்கு நேர்மாறு. வலி அதிகமில்லாத ஒரு முடிச்சு, வாரக்கணக்கில் ஆறாமல், விரலிலிருந்து முன்கைப் பக்கம் ஒவ்வொன்றாக ஏறுவது. காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று நீரில் இருக்கிறது, அதன் வேலை இது. வழக்கமான ஐந்து நாள் மாத்திரை இதற்குப் போதாது. சதைத் துணுக்கெடுத்துச் சோதித்து, மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டும். "கடலில் பாசி எடுக்கிறேன்" என்று நீங்கள் சொல்லாவிட்டால் மருத்துவருக்கு இது தோன்றாமலே போகலாம்.

காதுக்கு வருவோம். காதுமடலை இழுத்தால் வலித்தால் வெளிக்காதில் தொற்று. சொட்டு மருந்து போதும், ஒரு வாரமாவது முங்கக் கூடாது. முங்கும்போது மட்டும் குத்தினால் செவிப்பறைக்கு உள்ளே அழுத்தம் சமமாகவில்லை. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுவதை வலி வருமுன் ஒவ்வொரு அரைப் பாகத்துக்கும் செய்யுங்கள். வலி வந்தபிறகு ஊதினால் பறை கிழியலாம். சளி இருக்கும் நாளில் முங்காதீர்கள். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, ஊக்கு விடுவது இரண்டும் வேண்டாம்.

கேள்வி: திருக்கை முள் குத்தினால் உடனே என்ன செய்வது?
(வாசகர், தொண்டி)

பதில்: வெந்நீர். திருக்கை, கெளுத்தி போன்ற மீன்களின் முள்விஷம் சூட்டில் சிதையும். 42 முதல் 45 டிகிரி, அதாவது குத்துப்படாத கை தாங்கக்கூடிய அளவு சூடுள்ள நீரில் 30 முதல் 90 நிமிடம் முக்கி வைக்க வேண்டும். ஆறியதும் மாற்றுங்கள். சூட்டைக் குத்துப்பட்ட கையால் பார்க்காதீர்கள், மரத்துப்போன தோல் வெந்துவிடும். அதற்கு முன் காயத்தைக் கழுவி, தெரியும் முள்ளை மட்டும் எடுங்கள். வயிற்றிலோ நெஞ்சிலோ கழுத்திலோ குத்தி நிற்கும் முள்ளை உருவாமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். திருக்கை முள்ளில் ரம்பப் பல் இருப்பதால் உள்ளே ஒடிந்து தங்கும். வலி நின்றாலும் எக்ஸ்ரே அவசியம். கயிறு கட்டுவதும், பிளேடால் கீறி இரத்தம் எடுப்பதும் விஷத்தைக் குறைக்காது. விரலைத்தான் காவு வாங்கும்.

கேள்வி: உப்பளத்தில் வாருபலகை பிடிக்கும் வேலை. கண்ணில் மூக்குப் பக்கமிருந்து சதை வளர்கிறது. மதியம் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. நீர்க்கடுப்பும் வருகிறது.
(வாசகி, வாலிநோக்கம்)

பதில்: மூன்றும் பாத்தியிலிருந்தே வருகின்றன. மேலே வெயில், கீழே வெள்ளை உப்பிலிருந்து திரும்பி அடிக்கும் அதே வெயில், உப்புக்காற்று. இந்தக் கூட்டில் கண்ணின் வெள்ளைப்படலம் தடித்துக் கருவிழிமேல் ஏறுகிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும், பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடியும் அகல விளிம்புத் தொப்பியும் வளர்ச்சியை மட்டுப்படுத்தும். சிவப்பு குறைகிறது என்பதற்காகக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விடாதீர்கள். கண் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். சதை கருவிழியின் நடுப்பக்கம் நெருங்கினால் அறுவை. வெறுமனே வெட்டி எடுத்தால் திரும்ப வளர்வது அதிகம். உங்கள் கண்ணின் மேல்பகுதியிலிருந்தே மெல்லிய படலம் எடுத்து ஒட்டும் முறை இருக்கிறதா என்று கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

கால் இழுப்புக்கும் நீர்க்கடுப்புக்கும் காரணம் ஒன்றே. ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்கள். இது உங்கள் தவறல்ல. மறைப்புள்ள கழிப்பிடம் கேட்பது வேலை செய்பவரின் உரிமை. வேலை நேரத்தில் கால் மணிக்கு ஒரு டம்ளர், 200 மில்லி தண்ணீர். வியர்வை கொட்டும் நாளில் ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டும் தலைதட்டி அளந்து, கரைத்து இடையிடையே குடியுங்கள். உப்பு கூடினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கையில் அள்ளிப் போடும் கணக்கு வேண்டாம். நீராகாரமும் மோரும் நல்லவையே. சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அன்றைய வேலையை நிறுத்துங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறோம். வெயிலில் வாடி வந்து, இடுப்புவலிக்கென்று டைக்ளோஃபினாக் மாத்திரையைத் தினமும் போட்டுக்கொள்ளும் வழக்கம் உப்பளத்திலும் உண்டு, கடலிலும் உண்டு. நீர் வற்றிய சிறுநீரகத்துக்கு அந்த மாத்திரை இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. வருடக்கணக்கில் சிறுநீரகம் பழுதாகும், வலியே இல்லாமல்.

கேள்வி: வலை இழுத்து இழுத்து இடுப்புவலி, இடதுகால் வரை இறங்குகிறது. எம்.ஆர்.ஐ.யில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறதாம். பெல்ட் போட்டுக்கொண்டு தொழிலுக்குப் போகலாமா?
(வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: வலியே இல்லாத பலருக்கும் எம்.ஆர்.ஐ.யில் ஜவ்வு பிதுங்கித் தெரியும். அந்தச் சொல்லுக்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியவை வேறு: சிறுநீர், மலம் அடக்க முடியாமை அல்லது வராமை, தொடையிடுக்கு மரத்தல், பாதம் தொங்கிச் செருப்பு கழன்று விழுதல். இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை.

இல்லையென்றால், இரண்டு நாளுக்கு மேல் படுக்கையில் கிடக்காதீர்கள். பாயில் குப்புறப் படுத்து, முதலில் இரண்டு நிமிடம் சும்மா. பிறகு முழங்கையில் ஊன்றி இரண்டு நிமிடம். பிறகு இடுப்பு பாயில் ஒட்டியிருக்க, கையை ஊன்றி மார்பை மட்டும் தூக்கி இறக்குங்கள், பத்து முறை. வலி காலிலிருந்து இடுப்புப் பக்கம் ஏறினால் சரியான பாதை, இடுப்பில் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யலாம். வலி காலில் இன்னும் கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.

பெல்ட் வலியுள்ள சில நாளுக்குத் துணை, அவ்வளவுதான். இடுப்புவலி வராமல் அது தடுப்பதில்லை. படகில் மாற வேண்டியது நிற்கும் விதம். உடலை முறுக்கி ஒரு பக்கமாக இழுப்பதுதான் ஜவ்வுக்கு ஆகாதது. வலை வரும் திசைக்கு நெஞ்சைத் திருப்பி, ஒரு காலைப் படகின் விளிம்பில் முட்டுக்கொடுத்து, முழங்காலைச் சற்று மடக்கி, கையால் இழுக்காமல் உடலின் எடையைப் பின்னால் சாய்த்து இழுங்கள். இழுத்து முடித்த கையோடு ஐஸ் பெட்டியைக் குனிந்து தூக்க வேண்டாம், ஐந்து நிமிடம் நடங்கள். சுளுக்கு எடுப்பவரிடம் தடவிக்கொள்வதில் தவறில்லை. மிதிப்பதையும் சொடுக்குவதையும் கால்வரை வலி இறங்கியவர்கள் அனுமதிக்கக் கூடாது.

கேள்வி: எஞ்சின் பக்கத்திலேயே இருந்து காதில் 'ங்ங்' என்ற இரைச்சல். மருந்து உண்டா?
(வாசகர், இராமேஸ்வரம்)

பதில்: சத்தத்தால் செத்த செவியணுக்கள் திரும்ப முளைக்காது. இருப்பதைக் காப்பதுதான் சிகிச்சை. ஒரு கைநீளத் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்தச் சத்தம் ஏறத்தாழ 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று கொள்ளுங்கள். பஞ்சு அடைப்பதால் பயனில்லை. நுரை அடைப்பானை விரலால் ஒல்லியாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலே இழுத்து, செருகி, விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். வெளியே பாதிக்கு மேல் துருத்தினால் சரியாகப் போடவில்லை. கேட்கும் திறன் சோதனையில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்திருந்தால் அது சத்தத்தின் அடையாளம்.

கேள்வி: பனையேறி விழுந்த என் வீட்டுக்காரருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டிலேயே பயிற்சி கிடைக்குமா? பின்பக்கம் தோல் சிவந்திருக்கிறது.
(வாசகி, சாயல்குடி)

பதில்: கிடைக்கும். 2021இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார், கட்டணமில்லை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள்.

ஆனால் அந்தச் சிவப்பு அவர் வரும்வரை காத்திருக்காது. விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் நேரமிருக்கிறது. அழுத்தியும் வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் பாரமே விழக் கூடாது. இன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், திருப்பிப் படுக்க வையுங்கள். முழுப் பக்கவாட்டில் போட்டால் இடுப்பெலும்பில் அடுத்த புண் வரும். முதுகுக்குப் பின்னால் தலையணை முட்டுக்கொடுத்து அரைச் சாய்வாக வையுங்கள். கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த சேலையை வைத்துக் குதிகால் பாயில் படாமல் தூக்கி நிறுத்துங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம், உள்ளே நைந்த சதை இன்னும் கிழியும். விரிப்பில் சுருக்கம், ஈரம், சோற்றுப்பருக்கை எதுவும் இருக்கக் கூடாது. வெந்நீர்ப் பை கொடுக்காதீர்கள். சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

சிறுநீர்க் குழாய்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. உடல் தூக்கிப் போடும் குளிரோ, கலங்கிய சிறுநீரோ வந்தால் அன்றே 108ஐ அழையுங்கள். இரண்டு மணிக் கணக்கை நீங்கள் ஒருவரே சுமக்க முடியாது. சுவரில் ஒரு காலண்டர்த் தாள் ஒட்டி, பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று எழுதி, வீட்டில் யார் எந்த முறை என்று பிரித்துக்கொள்ளுங்கள். இடது, வலது என்று ஒவ்வொரு முறையும் குறித்தால் அடுத்து எழுந்து வருபவருக்கு எந்தப் பக்கம் திருப்புவது என்பது தெரியும்.